பனிநாட்டுக்காரியை ஏற்றிக்கொண்ட படகு

எங்கள் ஊர்ப் பெண்களின் பந்தயப் படகுக்குச் சுக்கான் பிடிப்பவள் சந்தலா. மற்ற நாட்களில் படித்துறை ஓரத்தில் நூடுல்ஸ் கடை நடத்துகிறாள். பாலம் வருவதற்கு முன்னால், ஆறு மழைக்காலம் தன் இரண்டு பிள்ளைகளையும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தோணியில் கொண்டுபோய் விட்டவள். மேகோங் ஆறு பெருகி ஓடும்போது மரங்கள் வேரோடு மிதந்து வரும். அவற்றுக்கு நடுவே தோணியை நெளித்து நெளித்துக் கொண்டுபோவாள். அதைப் பார்த்துத்தான் சுக்கானாகப் பிடிக்கும் பெரிய துடுப்பை அவளிடம் கொடுத்தோம். அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஒரு தடவைகூட முதல் சுற்றைத் தாண்டவில்லை. அது அவள் குற்றமில்லை. துடுப்புப் போட்டது நாங்கள்.

பன்னிரண்டாவது வருஷம் பந்தயத்தன்று காலையில், எங்களோடு துடுப்பு வலிக்கும் பியெங்குக்குக் காய்ச்சல். இருபது பேர் வலிக்க வேண்டிய படகில் ஓர் இடம் காலி. கடையில் ஹெல்கா என்ற ஐஸ்லாந்துக்காரி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். திருவிழா பார்க்க முந்தின நாள்தான் வந்திருந்தாள்.

"அவ தோளைப் பாருடி" என்றாள் சந்தலா என்னிடம். "அதுக்குள்ள ரெண்டு பியெங் இருக்கா."

"சும்மா இருங்கக்கா. பாவம், வேடிக்கை பாக்க வந்தவ."

"கரையில நின்னா பாதிதான் தெரியும். உள்ள உக்காந்து பாக்கட்டும்."

கையால் துடுப்புப் போட்டுக் காட்டிக் கேட்டாள். ஹெல்கா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தேவிட்டாள்.

ஊர்த்தலைவர் பூமா குறுக்கே வந்தார். "படகுல குடியிருக்கிற அம்மா கோவிச்சுக்குவா. அசலூர்ப் பொம்பளைய ஏத்தாதே."

"பதினோரு வருஷமா எங்களையே பொறுத்துக்கிட்டிருக்கா, மாமா. இவளையா பொறுக்க மாட்டா?"

சொல்லிவிட்டு, ஹெல்காவைப் படகின் முகப்பான அணியத்தின் முன் மண்டியிட வைத்து, அந்த அம்மாவுக்குச் சாமந்தியும் ஊதுவத்தியும் அவள் கையாலேயே வைக்கச் செய்தாள்.

வெள்ளோட்டத்தில் மானம் போயிற்று. ஹெல்காவுக்குப் பலம் உண்டு, தாளம் இல்லை. இடப்பக்கம் அவள் ஓங்கி வலித்த வேகத்தில் படகு வலப்பக்கம் திரும்பி நேராக நாணலுக்குள் போய்ச் செருகியது. "மீன் பிடிக்கவா போறீங்க?" என்று கரையிலிருந்து ஆண்கள் கத்தினார்கள். ஹெல்காவின் முகம் சிவந்துவிட்டது.

சந்தலா யாரையும் திட்டவில்லை. ஹெல்காவைக் கடைசி வரிசைக்கு, தன் முழங்காலுக்கு முன்னால், மாற்றினாள். அவளுக்கு இணையாக வலப்பக்கம் எங்களில் வலுவான மணிவோனை வைத்தாள். பிறகு ஹெல்காவைப் பார்த்துக் கைகூப்பினாள். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை, எங்களுக்குப் புரிந்தது. ஊருக்கு வந்த விருந்தாளியின் முதுகில் சந்தலா காலை வைக்கப் போகிறாள், அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு.

பந்தயம் தொடங்கியதும், சந்தலா நின்றபடி ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் முழங்காலால் அந்த முதுகில் ஓர் இடி இடித்தாள். கையில் சுக்கான், வாயில் எண்ணிக்கை, காலில் தாளம். பாதி தூரம் போவதற்குள் ஹெல்காவின் துடுப்பு எங்களோடு சேர்ந்து விழுந்தது. அப்படி ஒரு வேகத்தை அந்தப் படகில் நான் கண்டதில்லை. கீழத்தெருப் படகை முக்கால் படகு நீளத்தில் முந்தி, முதல் சுற்றைத் தாண்டினோம். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த சுற்றில் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். மூச்சு மிச்சமில்லை. கரையேறியதும் பூமா முனகினார்: "நம்ம ஆளா இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

"நம்ம ஆளுங்களே இருந்தப்ப எத்தனை தடவை ஜெயிச்சோம் மாமா? சொல்லுங்க, கேப்போம்."

அவர் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

சாயங்காலம் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை எடுக்கச் சந்தலாவுக்குக் கை தூக்க முடியவில்லை. தோள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. ஹெல்கா பார்த்தாள். சோற்றைப் பிடித்து உருட்டத் தெரியாமல் உருட்டி, மிளகாய்த் துவையலில் முழுசாக முக்கி, அவள் வாயில் ஊட்டினாள்.

"அடிப்பாவி, பழி வாங்கறா!" கண்ணில் தண்ணீர் வழியக் கத்திய சந்தலா, இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தாள்.