தலைப்புத் தேடிய புஸ்பராணி

கப்பல்துறைக் கிராமத்து மூத்ததம்பியின் மகள் புஸ்பராணி பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள். எழுபதுகளின் நடுவில், கடைசி வருட விடுமுறைக்கு ஊர் வந்தபோது அவளுக்கு ஒரே கவலைதான். ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு தலைப்பு வேண்டும். எதைத் தொட்டாலும் முந்தியே யாரோ எழுதி முடித்திருந்தார்கள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வந்தது. சடங்குக்குப் போனவர்களுக்கெல்லாம் கல்வெட்டுக் கொடுத்தார்கள். இறந்தவரின் புகழைப் பாட்டாக்கி அச்சடித்த சிறு புத்தகம். போன வருடம் செத்த மாமாவின் கல்வெட்டிலும் இதே வரிகள்தான், பெயர் மட்டும் வேறு என்பது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை! சந்தோசத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

ஊர் ஊராகப் போய்ப் பழைய கல்வெட்டுகளைக் கேட்டு வாங்கினாள். நிலாவெளியில் கரைவலைக்காரனின் விதவை தங்கமுத்து புருசனின் கல்வெட்டை எடுத்துக் கொடுத்து, “எனக்கு வாசிக்கத் தெரியாது பிள்ளை, நீ ஒருக்கால் வாசி” என்றாள்.

மனைவியைக் கண்ணின் மணியாகக் காத்த உத்தமன் என்று பாட்டில் இருந்தது. முன்பல் இரண்டு இல்லாத வாயால் தங்கமுத்து கேட்டாள்:

“இது ஆருட கதை?”

“உங்கட அவரைத்தானம்மா எழுதியிருக்கு.”

“அப்ப நான் ஆரோட இருந்தனான்?”

அந்தக் கேள்வியோடு தலைப்பு முழுசாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டு புஸ்பராணி பஸ் ஏறினாள்.

விரிவுரையாளர் ஆனந்தராசா அவள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“செத்தவீட்டுப் பாட்டு இலக்கியமோ? ஒரு வரியும் புதுசில்லை எண்டு நீரே எழுதியிருக்கிறீர்.”

“அதுதான் சேர் விசயம். அச்சில ஒண்டு கிடக்கு, அந்தப் பெண்டுகள் சொல்லுறது வேற.”

“அதுக்கு ஆதாரம்? அடிக்குறிப்பில தங்கமுத்து எண்டு போடப் போறீரோ?”

பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். ஆனந்தராசா பழைய காப்பியம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் உவமைகளைப் பார்க்கச் சொன்னார். “ஓம் சேர்” என்றாள்.

வீட்டுக்கு வந்தால் வேறு சங்கதி. சம்பூரிலிருந்து கலியாணம் பேசி வந்தவர்கள், செத்தவீட்டுக் கடதாசி பொறுக்கித் திரியிற பெட்டை வேண்டாமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா கல்வெட்டுக் கட்டை முழுவதுமாகக் குசினி அடுப்பில் போட்டுவிட்டாள்.

“எதுக்கம்மா எரிச்சனீங்கள்?”

“இன்னும் என்னத்தைக் கட்டிக்காக்கச் சொல்லுறாய்? போய் முகத்தைக் கழுவு.”

புஸ்பராணி போய் முகத்தைக் கழுவினாள். அழ வேண்டுமென்று நினைத்தாள், அழுகை வரவில்லை.

உவமைகளை எழுதிக் கொடுத்தாள். நல்ல புள்ளி கிடைத்தது. ஆசிரியர் நியமனம் வரவேயில்லை. கடைசியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் பில் துண்டு எழுதும் வேலைக்குப் போனாள். கம்பசில் படிக்கேக்க எதைப் பற்றி எழுதினீங்கள் என்று சாமான் வாங்க வருகிறவர்கள் எப்போதாவது கேட்பார்கள். அவள் கொஞ்சம் யோசிப்பாள். பிறகு, “ஞாபகமில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கூப்பனுக்குக் கையை நீட்டுவாள்.