மஞ்சள் அட்டைகளும் ஒரு சீட்டும்

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உள்நாட்டுப் போரை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் யோசனை யாருக்கு வந்ததோ, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் காரில் ஏறிய மகள் சீட் பெல்ட்டைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். டெக்சாஸின் இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்டிலேயே பக்கத்து பிளாக்கில் இருக்கும் அவள் தோழி, வகுப்பில் எல்லோர் முன்னாலும் அழுது, பாதியில் எழுந்து போய்விட்டாளாம்.

"என்னடா நடந்துச்சு?"

"வி வேர் டூயிங் சைனா, அப்பா."

சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த கதையை வரலாற்று ஆசிரியை ஒரு வாரமாக விளையாட்டாக நடத்தியிருக்கிறார். சிலர் அரசாங்கப் படை, சிலர் செம்படை, மற்றவர்கள் கிராமத்தார். மகள் கிராமத்தாரில் ஒருத்தி. தோழிக்கு நிலப்பிரபு வேடம். மஞ்சள் அட்டைகள்தான் நிலம். அரசாங்கப் படை வரும்போதெல்லாம் அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போகும். செம்படை கேட்டு வாங்கும், வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கும். கடைசி நாள் ஊர்க்கூட்டம். நிலப்பிரபுவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவள் செய்த அநியாயங்களை ஆளுக்கொரு சீட்டில் பெயர் போடாமல் எழுதவேண்டும். செம்படைத் தலைவன் அவற்றை உரக்கப் படித்துவிட்டு அட்டைகளைப் பங்கிடுவான்.

கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியால் மட்டும் ஜெயிக்கவில்லை என்று மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். கூட்டத்தில் ஒருமுறை வாயைத் திறந்து, நிலத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு கிராமத்தாரால் பின்வாங்க முடியாது. பழைய படை திரும்பினால் நிலப்பிரபு சும்மா விடமாட்டான். அதனால் செம்படையோடு நின்றே தீரவேண்டும்.

பாடம் அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. எனக்குத்தான் கொதித்தது. நான் வளர்ந்த கோயம்புத்தூரில் செங்கொடிக்காரர்கள் மில் வாசலில் கூட்டம் போடுவார்கள், தேர்தலில் நிற்பார்கள், தோற்றால் வீட்டுக்குப் போவார்கள். இங்கே ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு முழுக்கப் புகார்க் கடிதம் எழுதினேன்.

"கேக்க வேண்டியத கேட்டுட்டு வாங்க. அங்க போய் லெக்சர் குடுக்காதீங்க," என்றாள் மனைவி.

திங்கட்கிழமை பள்ளியில் லெக்சர்தான் கொடுத்தேன். ஆசிரியை குறுக்கே பேசவில்லை. சீட்டுகளைத் தான் முதலில் படித்துப் பார்த்திருக்க வேண்டும், அது தன் தவறு என்றார். பிறகு ஒரு சீட்டை என் பக்கம் தள்ளினார்.

'இவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. தினமும் லேப்டாப் பையோடு கிளம்பி லைப்ரரியில் போய் உட்காருகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது.'

ஆங்கிலத்தில், என் மகளின் கையெழுத்து.

"இது உண்மையா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்பு, ஒரு மதிய நேரத்தில் புத்தகம் திருப்பிக்கொடுக்கப் போனபோது தோழியின் அப்பாவை லைப்ரரியில் பார்த்தேன். "வீட்ல இன்னும் சொல்லலைங்கண்ணா. வேற வேல கெடைக்கட்டும், சொல்லிக்கறேன். விசா பிரச்சனை வேற இருக்குது," என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் சொன்னேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பக்கத்தில் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பிள்ளை முன்னால் தமிழில் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது காரில் அவளிடம் கத்தினேன். கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் தமிழில் பேசினாள்.

"எல்லாரும் சின்னச் சின்னதா எழுதுனாங்க. செம்படை லீடரா இருந்தவன் ரெண்டு தடவ படிச்சான். பத்தாது, இப்டி எழுதுனா நெலம் கெடைக்காது, பெருசா எழுதுங்கன்னான். எனக்கு வேற எதுவும் தெரியலப்பா."

"அதுக்காக இதையா?"

"நீங்க சிரிச்சுக்கிட்டுதான சொன்னீங்க? சீக்ரெட்னு சொல்லவே இல்லையே."

ஆமாம், அன்று சிரித்தேன். லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நடித்துக்கூடக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். பார்க்கிங்கில் அவர் கார் நின்றிருந்தது. இனி அதை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போக வேண்டும்? கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. நான் சட்டைப் பையிலிருந்த புகார்க் கடிதத்தை எடுத்தேன்.

"அந்த டீச்சரச் சும்மா விடக்கூடாதுங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க, ரெண்டு பேருமாக் குடுக்கலாம்."

அவர் கடிதத்தை வாங்கவில்லை.

"டீச்சரு என்னங்கண்ணா பண்ணுவாங்க? பாப்பாவத் திட்டாதீங்க, சின்னப் புள்ள. நான் உங்க ஒருத்தர்கிட்டதானுங்க சொல்லிருந்தேன்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கதவைச் சாத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான்தாங்க சொன்னேன். வீட்ல, சாப்பிடறப்போ," என்றேன்.

தலையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் அவர் மகளின் அறை சாத்தியிருந்தது. பள்ளிக்கூட நேரம்; அவள் போகவில்லை.

"வேல போனதுக்குக்கூட ஒண்ணும் சொல்லலைங்கண்ணா. டெய்லி எங்களுக்கு டாட்டா காட்டிட்டுத்தான போனீங்கன்னு ஒரே ஒரு தடவ கேட்டா. அதோட சரி, எங்கூடப் பேச மாட்டேங்கறா."

கடிதத்தை நான் பள்ளியில் கொடுக்கவில்லை.