நான் பம்ப் பிடிக்கக் கற்றுக்கொண்டது

இருபது வருடங்களுக்கும் மேலாக ஊரார் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவந்த ஆஸ்துமா பம்பை எப்படிப் பிடித்து அடிப்பது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாமல்தான் இருந்தேன். வேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹால் நிறைய குழந்தை டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியவந்தது.

அங்கே போனதுகூட அறிவுத் தாகத்தால் அல்ல. டாக்டர் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், பட்டம் வாங்கிய பிறகும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க கிரெடிட் புள்ளிகள் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு வழிகள் பல. சென்னையில் நட்சத்திர ஓட்டல் மாநாடு: பெரியவர்கள் மேடையில் ஸ்லைடு போடுவார்கள், நாம் இருட்டில் சாய்ந்துகொள்ளலாம். செங்கம் ரோட்டு ஓட்டல் மாடியில் உள்ளூர் டாக்டர்களின் மாதக் கூட்டம்: ஒருவர் பேசுவார், மற்றவர்கள் சாப்பாடு எப்போது திறக்கும் என்று பார்ப்பார்கள். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது ஆன்லைன் வகுப்பு. போனில் வீடியோவை ஓடவிட்டுக் குளிக்கப் போய்விடலாம். நுரையீரல் சம்பந்தமான என் புள்ளிகளில் பெரும்பகுதி பாத்ரூமில் ஈட்டியவை.

அந்த முறை கெடு நெருங்கிவிட்டது. சென்னை மாநாடு முடிந்திருந்தது. உள்ளூர்க் கூட்டத்தைப் பௌர்ணமிக்காகத் தள்ளி வைத்துவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் யார் காரை ஓட்டிக்கொண்டு வருவது? மிச்சமிருந்தது வேலூர்ப் பயிலரங்கு ஒன்றுதான். அதில் கையால் செய்து காட்ட வேண்டும் என்று போட்டிருந்ததை நான் சரியாகப் படிக்கவில்லை.

பயிற்சி கொடுத்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். மருந்தில்லாத வெறும் பம்ப் ஒன்றை என் கையில் கொடுத்து, "சார், ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி செய்ங்க" என்றார். மூடியைக் கழற்றினேன். அதுவரை சரி. பிறகு பம்பைக் குலுக்காமல், தலைகீழாகப் பிடித்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அழுத்தினேன். அடித்தது முழுவதும் என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

பக்கத்தில் இருந்த ஆரணிக்காரர், என் காலேஜ் தோழர், சத்தமாகவே கேட்டார். "யோவ், இருவது வருசமா கொழந்தைங்களுக்கு இப்பிடித்தான் காட்டினியா?"

"நான் எங்கய்யா காட்டினேன்? எழுதித்தான் குடுத்தேன்."

ஹால் சிரித்தது. அந்த டாக்டர் சிரிக்காமல், இப்படி ஒரு ஆள் கிடைத்ததே என்பது போல மைக்கில் சொன்னார்: "இதுதான் விஷயம். நாம சொல்லிட்டே இருக்கோம். மருந்து கேக்கலைன்னா டோஸை ஏத்தறதுக்கு முன்னாடி, வீட்ல எப்படிப் போடறாங்களோ அப்படியே செஞ்சு காட்டச் சொல்லுங்க."

எனக்கு உடனே ஒரு குழந்தையின் முகம் வந்தது. அடி அண்ணாமலையில் இருந்து வரும் ஒன்பது வயதுப் பெண். அப்பாவும் அம்மாவும் கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட கோ-கோ டீமில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவள், இளைப்பு வந்த பிறகு மைதான ஓரத்தில் மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பம்பும், அதோடு சேர்த்து மாட்டும் ஸ்பேசர் குழாயும் எழுதிக் கொடுத்தேன். இளைப்பு அடங்கவில்லை. டோஸை ஏற்றினேன். அப்போதும் அடங்கவில்லை. வீட்டில் பீடி, சிகரெட் உண்டா, விறகடுப்பு உண்டா, நாய் பூனை உண்டா என்று எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை என்றார்கள். பம்ப் பழகிப்போய்விடும் என்று ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்ட அப்பா, "இந்த மாசத்தோட நிறுத்திடலாம் சார், கோ-கோவும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாதம் முடியும் முன்பே அம்மா குழந்தையோடு வந்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். பழைய விசில் அப்படியே இருந்தது. டோஸை ஏற்றக் கை போனது. வேலூர் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"வீட்ல எப்படி பம்ப் போடறீங்களோ, அதே மாதிரி இங்க ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

"எல்லாத்தையுமா சார்?" என்றார் அம்மா, கொஞ்சம் சந்தேகமாக.

"எல்லாத்தையும்."

மறுநாள் சாயந்தரம் ஒரு ஒயர் கூடையோடு வந்தார்கள். அம்மா என் மேஜையில் வரிசையாக எடுத்து வைத்தார். பம்ப். ஸ்பேசர். குழாயின் மேல் சந்தனமும் குங்குமமும் அழகாக வைத்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு சின்னத் தட்டு, ஒரு கப் சாம்பிராணி, தீப்பெட்டி.

"சார், ஃபேன கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கட்டா? பத்திக்காது."

"எதும்மா பத்திக்காது?"

"சாம்பிராணி சார்."

குழந்தை என்னைப் பார்த்தது. நான் குழந்தையைப் பார்த்தேன்.

"சாம்பிராணி எதுக்கும்மா?"

"நீங்கதான சார் சொன்னீங்க?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "தெனமும் சாமி கும்புடற மாதிரி காலைல, சாயந்தரம் ரெண்டு வேளையும் தவறாம போடணும்னு. அப்பறம் மறந்துடப் போறோம்னு நான் சாமி மாடத்துலயே வெச்சிட்டேன். வெளக்கேத்தி, சாம்பிராணி போட்டு, கையோட அங்கயே இவள நிக்க வெச்சி பம்ப் குடுத்துடுவேன். ஒரு நாள்கூட தவறல சார்."

சொன்னது நான்தான். சொன்ன நாள்கூட ஞாபகம் இருந்தது. இந்த ஊருக்கு ஏற்ற உவமை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, பிறகு வந்த பல வீட்டாருக்கும் அதையே சொல்லியிருந்தேன். இன்னும் எத்தனை சாமி மாடங்களில் என் பம்புகள் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கின்றனவோ.

"கதவு ஜன்னல்லாம்?"

"மூடிடுவேன் சார். வெளிய கிரிவலப் பாதத் தூசி ஜாஸ்தியா வருது. தூசி ஆவாதுன்னு அதையும் நீங்கதான் சொன்னீங்க."

ஆக, காலையும் மாலையும் மூடிய அறைக்குள் புகைக்கு நடுவே நின்றபடி, அந்தப் பெண் ஆழமாக மூச்சை இழுத்து, உள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். நானோ டோஸை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சாம்பிராணி இல்லாமல் பம்பை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னேன். குழந்தை குலுக்கினாள், மாட்டினாள், மூச்சை வெளியே விட்டாள், ஒரு அழுத்து, நிதானமாக உள்ளே இழுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "பொட்டிக்குள்ள படம் போட்டிருந்திச்சி டாக்டர்" என்றாள். அந்தப் பெட்டியை ஒரு முறையாவது நான் பிரித்திருக்கலாம்.

அடுத்து என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். வருடத்துக்கு ஒரு நாள் மலை உச்சியிலேயே தீபம் ஏற்றுகிற ஊரில், வீட்டுக்குள் சாம்பிராணி போடாதீர்கள் என்று எப்படிச் சொல்ல? போதாததற்கு அவர்கள் கடையில் விற்பதே கற்பூரமும் சாம்பிராணியும். எங்கள் பேச்சுவார்த்தை நீண்டது. மாமியார் என்ன சொல்வாரோ என்று அம்மா இழுத்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பம்ப் சாமி மாடத்தை விட்டுக் கிளம்பி டூத் பிரஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் போகும். பம்ப் போட்டதும் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது. மருந்து வாயில் தங்கிப் புண்ணாகாமல் இருக்க அதுவும் நல்லது. சாமிக்கு விளக்கு மட்டும். சாம்பிராணி வாசலுக்கு வெளியே, அதுவும் குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு.

"சாமி கோவிச்சிக்காதா சார்?"

"என் பேர்ல போட்டுடுங்க" என்றேன்.

சில வாரங்களில் விசில் கம்மியாகி, பிறகு கேட்கவேயில்லை. ஏற்றிய டோஸைப் படிப்படியாக இறக்கினேன். பி.டி. வாத்தியார் பார்த்துவிட்டு அவளைத் திரும்ப டீமில் சேர்த்துக்கொண்டார். முதல் மேட்ச் ஓடிய கையோடு முழங்காலில் சிராய்ப்பைக் காட்ட வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் டிங்சர் போட்டதில்லை.

அன்றைக்கு அவளைக் கூட்டி வந்தது அப்பா. என்ன மருந்து மாற்றினேன் என்று கேட்டார். மருந்து எதுவும் மாற்றவில்லை என்றேன். பிறகு, கேட்காமலே, வேலூர்ப் பயிலரங்கைப் பற்றி விளக்கினேன்: நாங்கள் இந்த வயதிலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாமல் வகுப்புக்குப் போகிறோம், மருத்துவம் என்பது முடிவில்லாத படிப்பு, அங்கே கற்றுக்கொண்டதால்தான் செய்து காட்டச் சொன்னேன், என்றெல்லாம். கொஞ்சம் நீளமாகவே பேசியிருக்க வேண்டும். குழந்தை நாற்காலியை விட்டு இறங்கிக் கதவருகே போய் நின்றுவிட்டாள்.

அப்பா மரியாதையாக முழுவதையும் கேட்டார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"நல்ல கிளாஸுதான் சார். படிக்கிறப்பவே போயிருக்கலாம்."