காகத்துக்கு முன் ஒரு கவளம்

நம்பாதவர்கள் என் மகள் ஹரிப்பிரியாவின் உதட்டைப் பார்க்கலாம். மூன்று தையல். கதை சொல்வதற்காக எந்தத் தாயும் நான்கு வயதுப் பிள்ளையின் வாயைக் கிழிக்க மாட்டாள்.

கடல் கடந்து வந்து பொயிண்ட் குக்கில் நாங்கள் வாங்கியது, லின் என்ற சீனத்துப் பெண் தன் அப்பா இறந்ததும் விற்ற வீடு. அங்கே எங்களுக்கு அது முதல் அமாவாசை. காகம் தொடும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. என் கணவர் செந்தூரன் யாழ்ப்பாணத்துக்காரர். "காகம் வருமட்டும் பிள்ளையைப் பட்டினி போடாதையும்" என்று கிண்டலடித்துவிட்டு வேலைக்குப் போனார். ஹரியும் பசியில் சிணுங்கினாள். மனசு கேட்கவில்லை. ஒரு கவளம் ஊட்டிவிட்டேன்.

மதியம் 12.10. பின்வேலியில் சோறு வைத்து, "வாங்க, எடுத்துக்கோங்க" என்றேன். செத்துப்போன என் அப்பாவைத்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்ல மறந்துவிட்டேன்.

காகம் வரவில்லை. எந்தப் பறவையின் சத்தமும் இல்லை.

12.14. சமையலறையில்... டங்.

டங்... டங்...

ஓடினேன். என் பாத்திரங்கள் எல்லாம் தரையில் தட்டையாக நசுங்கிக் கிடந்தன.

ஹரி அலறினாள்.

நீலச் சட்டைக் கிழவன். அவள் நெஞ்சில் முட்டியை ஊன்றி, இரண்டு கையாலும் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். கன்னத்தில் அவள் அடக்கி வைத்திருந்த கவளத்தைத் தோண்டினான். ரத்தம்...

"ஜியாவ் சூலாய்!"

இழுத்தேன். என் மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு முறியும் சத்தம்... கேட்டது.

"ஜியாவ் சூலாய்!"

மிச்சமிருந்த ரைஸ் குக்கரைக் கவிழ்த்தேன்.

"எடுத்துக்கோ! எல்லாத்தையும் எடுத்துக்கோ!"

12.17.

அவன் இல்லை.

தரையில் ஒரு பருக்கைகூட இல்லை. மூலையிலிருந்த அரிசி மூட்டை... தையல் பிரியவில்லை. உள்ளே காலி.

மருத்துவமனையிலிருந்து லின்னுக்குப் போன் செய்தேன். கேட்ட சொல்லை அப்படியே சொன்னேன்.

"'எடுத்துக் குடு'ன்னு அர்த்தம். அப்பா தூக்கத்துல கத்துவார்."

"ஏன்?"

"சீனாவுல அவர் இளைஞரா இருந்தப்போ, ஊரெல்லாம் இரும்பு உருக்கணும்னு அரசாங்கம் சட்டிபானையைப் பிடுங்கிச்சு. விளைஞ்சதையும் அள்ளிட்டுப் போச்சு. பஞ்சத்துல ஊரே செத்துச்சு. ஒளிச்ச தானியத்தைத் தேடிப் பிடிக்கிறது அப்பா வேலை. ஒரு குழந்தை வாயில அரிசி அடக்கி வெச்சிருந்துச்சு. தாடையை உடைச்சுத்தான் எடுத்தாராம்."

"யார் குழந்தை?"

"அவரோட தங்கை. நாலு வயசு."