காலணிகளை வெளியே விடவும்

சிவப்புப் பெயிண்டில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று எழுதிய அந்தப் பலகையை ஆணி அடித்து மாட்டியது நான்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறை. நானும் கல்லூரி நண்பனும் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அன்று எல்லோரும் நம்பினோம். கோயில் கர்ப்பகிருகம் தோற்றுவிடும், அத்தனை ஆசாரம். முதலீட்டில் பெரும்பகுதி ஏ.சி.க்கும் கண்ணாடிக் கதவுக்கும் போய், வாடகைக்கே இழுபறி.

எங்களை நம்பி வந்தவர் பெருங்களத்தூர் லாரி ஆபீஸ் முதலாளி ஒருவர்தான். எந்த லாரியில் என்ன சரக்கு, எந்த ஊருக்கு என்று உடனே காட்டும் புரோகிராமை அவருக்காகவே எழுதியிருந்தோம். அந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். மூச்சு வாங்கப் படியேறி வந்தார். சர்க்கரை நோயால் காலில் புண். கட்டுக்கு மேல் பெரிய ரப்பர் செருப்பு. கழற்ற முடியாது என்றார்.

“விடு மச்சான், அப்படியே வரட்டும்” என்றான் நண்பன். நான் பலகையைக் காட்டினேன். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே காட்டினேன்; இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நண்பன் வேறு வழியில்லாமல் திரையைக் கதவுப் பக்கம் திருப்பினான். அவர் வெளியே நின்று, கண்ணாடியில் நெற்றி பட, பொறுமையாகப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

“நல்லாத்தான் கீது தம்பி. நாளிக்கு இத்த என் ஆபீஸ்ல வச்சா, கிரீஸ் காலோட வர்ற டிரைவருங்களயும் இப்படித்தான் வெளிய நிக்க வைப்பியா?”

அவருடைய ஆபீஸ் எப்படி இருக்கும் என்று ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கிப் போனார். ஆர்டர் வரவில்லை. கம்பெனியை மூடியபோது முதலில் விற்றது அந்த ஏ.சி.யைத்தான்.

இப்போது நான் பாடம் நடத்தும் காட்டாங்குளத்தூர் கல்லூரியின் மாணவர்கள் முதலீடு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் பொருளை வாங்கப்போகிறவர் இடத்தில் போய் முதலில் உட்காருங்கள், பணத்தைப் பிறகு தேடலாம் என்கிறேன். இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னதில்லை. வெட்கம்தான். போன மாதம் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்களில் சிலர் தொடங்கிய ஆபீஸுக்குப் போனேன். வாசலில் பழக்கதோஷத்தில் குனிந்தேன். முட்டிவலி, செருப்பு வார் அவிழ மறுத்தது. உள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள்.

“பரவாயில்ல சார், அப்படியே உள்ள வாங்க.”

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். குனிந்த தலையை நிமிர்த்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.