கொண்டை ஊசிக் கோடு

நெட்டையண்ணனை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆறடி இரண்டங்குல ஆளுக்கு இதுதான் நிலைமை. நகர வாரியத்தில் இருபத்தாறு வருடம் அளவுகோல் பிடித்தார். சர்வேயர் தூரத்தில் நின்று கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது கோலில் இருக்கும் எண்ணை. பிடித்திருக்கும் ஆளை எவன் பார்க்கிறான்? நான் டேப் பிடிக்கிறவன். என்னையாவது "இழுடா, விடுடா" என்று திட்டுவார்கள். அவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அவர் கை அசையாது. மனைவி இறந்து எட்டு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. ஆற்றங்கரையில் ஒரே மட்டத்தில் கட்டிய ஆறு வீட்டு வரிசையில் கடைசி வீடு அவருடையது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதியை என் பக்கம் தள்ளுவார்.

"ஒருத்தனுக்கு எப்படி அளவா சமைக்கிறதுன்னு இன்னும் பிடிபடலடா. கை ரெண்டு பேருக்குத்தான் போடுது."

ஊரையே அளந்தவர் சொல்கிற பேச்சா இது? நான் தின்றுவிட்டு பாக்ஸைக் கழுவி வைப்பேன்.

போன வருடம் வாரியம் ஆற்றோரத்தைக் காப்புப் பகுதியாக்கத் திட்டம் போட்டது. பதினொரு வருடம் முன்பு வந்த பெருவெள்ளம்தான் கணக்கு. அன்றைக்கு ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் நின்ற வீடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஆற்றுக்கே விட்டுவிடுவது. குறைவாக நின்ற வீடுகள் இருக்கலாம். சர்வேயர் அம்மா வீடு வீடாகப் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார். கேட்கக் கூடாத கேள்வி. வேறு வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவன் கழுத்தைக் காட்டினான். இருக்க நினைத்தவன் கணுக்காலைக் காட்டினான்.

"இது ஆறா, ஏணியா? வீட்டுக்கு வீடு ஒரு படி ஏறி இறங்குதே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் வரிசையில் எல்லோரும் கணுக்கால் கட்சி. முதல் வீட்டுத் தையற்காரர் ஒருபடி மேலே போனார். "எங்க பூனை கூட நனையல மேடம்!"

அம்மா நம்பவில்லை. தையற்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேணும்னா நம்ம நெட்டையண்ணன் வீட்டுச் சுவரைப் பாருங்க. வெள்ளம் வந்த அன்னிக்கு அவரு சம்சாரம் கொண்டை ஊசியால கீறின கோடு இருக்கு. அவரு இடுப்புக்குக் கீழதான்!"

காலமெல்லாம் இடுப்பை அளக்கிற மனுஷன், யாருடைய இடுப்பு என்று யோசிக்கவில்லை. அண்ணன் இடுப்புக்குக் கீழே என்றாலும் அது ஒரு மீட்டருக்கு நாலு விரல் மேலே. அண்ணனுக்கு அது தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்தது.

அந்த வீட்டுக்குள் அன்றுதான் நான் நுழைந்தேன். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அந்தக் கோட்டைச் சுற்றி மட்டும் ஒரு முழத்துக்குப் பழைய பச்சை நிறம். வாசலில் ஒரு ஜோடி பெண்செருப்பு, தூசி இல்லாமல்.

"எதுக்குங்க கீறினாங்க?" என்று அம்மா கேட்டார்.

"என்னைத் திட்டிக்கிட்டே கீறினா மேடம். அடுத்த தடவையாவது இதைப் பார்த்துட்டு சாமான்களை மேல ஏத்துய்யா, மரம் மாதிரி நிக்காதேன்னா."

அம்மா கோட்டைப் பார்த்துவிட்டுத் தெருவில் இருந்த கருவிக்குப் போனார். கோலின் அடியைக் கோட்டில் வைத்துப் பிடிக்க வேண்டும். தெருவிலிருந்து வாசல் வழியாகத் தெரிவது எண் மட்டும்தான். கோலின் அடி எங்கே நிற்கிறது என்பது பிடிக்கிறவனுக்கே வெளிச்சம்.

அண்ணன் கோலை வைத்தார். கோட்டுக்கு ஐந்து விரல் கீழே.

நான் சட்டென்று வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பார்க்கவில்லை என்றால் நடக்கவில்லை. ஆறு வீடும் தப்பும், செருப்பும் அங்கேயே கிடக்கும்.

"ஆடாம புடிங்க," என்றார் அம்மா. இருபத்தாறு வருடத்தில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

"ஒரு நிமிஷம் மேடம்." அப்புறம் மெதுவாக, எனக்குச் சொன்னாரா சுவருக்குச் சொன்னாரா தெரியவில்லை: "அவ கீறினதைப் பொய்யாக்கிட்டு நான் இங்க யாரோட இருக்கிறது?"

நான் திரும்பியபோது கோலின் அடி கோட்டில் இருந்தது. அம்மா எண்ணை எழுதிக்கொண்டார்.

ஆறு வீடும் போயிற்று. நகரத்தின் அந்தக் கோடியில் மாடிக் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். ஆறு குடும்பமும் ஒரே படிக்கட்டுதான், ஆனாலும் அண்ணனோடு யாரும் பேசுவதில்லை. தையற்காரர் மட்டும் எதிரே வந்தால், "அரிச்சந்திரன் வர்றாரு, வழி விடுங்க," என்பார். பேச்சு என்று அண்ணனுக்கு வாய்ப்பது அதுதான்.

வீடுகள் இருந்த இடத்தில் இப்போது புல். நடுவில் வாரியம் ஒரு வெள்ளைக் கல்தூண் நட்டு, அன்றைய வெள்ள உயரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு எண். யார் கீறியது என்று எங்கேயும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அண்ணன் அங்கே வருவார். போன வாரம் நானும் கூடப் போனேன். கோட்டில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு கேட்டார்.

"டேய், சாய்ஞ்சிருக்கா பாரு."

பத்தடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

"நேராத்தான் இருக்குண்ணே."

நம்பவில்லை. தூணைத் தோளில் அணைத்து, நிமிர்த்துகிறவர் போல ஆற்றுப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினார். கல்லு அசையுமா? கோல் பிடிக்கிற மாதிரி, கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகியும் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.