மாடியில் காயாத மரச்சீனி

மாசி இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலை. நானும் கீழ்வீட்டு அம்மாவும் ஒரே குவியலில் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வாங்கினோம். ஒரே சீவுபலகையில் சீவி, உப்புப் போட்டு அரைவேக்காடாக அவித்து, பொது மொட்டைமாடியில் காயப்போட்டோம். அவர் கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து. நாங்கள் தரையில் தார்ப்பாய் விரித்து.

எங்கள் வற்றல் சனிக்கிழமை துபாய் கிளம்பும் என் மகளுக்கு. போன முறை கொண்டுபோனது பெட்டியிலேயே பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. அதனால் இம்முறை எவ்வளவு காய்ந்தது என்று காலையும் மாலையும் குறித்துவைத்தேன்.

செவ்வாய் மாலை அவருடைய வில்லைகள் ஓரம் சுருண்டு வெளுத்திருந்தன. எங்களுடையவை தோல்போல வளைந்தன. அதே கிழங்கு, அதே கனம், அதே வெயில். பொழுது சாய்ந்ததும் அவர் முறத்தில் அள்ளிக்கொண்டு இறங்குவார். காலையில் மறுபடி கொண்டுவந்து பரப்புவார். நான் பார்க்காத நேரத்தில் எதை அள்ளுகிறார், எதைப் பரப்புகிறார்?

புதன் விடியலில் எங்கள் வில்லைகளில் பத்துக்கு மஞ்சள் தொட்டு வைத்தேன். மாலை அவர் கட்டிலில் ஒன்றுவிடாமல் புரட்டினேன். மஞ்சளே இல்லை. பத்தும் எங்கள் தார்ப்பாயிலேயே கிடந்தன.

"என்ன அண்ணாச்சி, உங்க கிழங்குக்கு மஞ்சக்காமாலையா?" அவர் முறத்தோடு பின்னால் நின்றார்.

"எறும்பு வராம இருக்க."

"எறும்ப எங்க கட்டில்லயா தேடுதிய?"

அவர் குனிந்து, மடித்துக் கிடந்த தார்ப்பாய்ப் பாதியைத் தூக்கினார். உள்பக்கம் இன்னும் ஈரம்.

"ராத்திரி இதப் போட்டுத்தானே மூடுதிய? உள்ளயே வேர்த்து வடியுது. பகல்ல காயுதத ராத்திரி நனைக்கிய. மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு கேட்டதில்லையா? இவ்வளவு படிக்கிய!"

தினமும் அந்தியில் நான்தான் காற்றுப் புகாமல் ஓரங்களில் செங்கல் வைத்து மூடியிருந்தேன்.

வியாழன் காலை கட்டிலில் பாதியை ஒதுக்கித் தந்தார். ஏன் தருகிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன். கீழிருந்தும் காற்று ஏறியது. அந்தியில் வீட்டுக்குள் எடுத்துப்போனோம். வெள்ளி மூன்று மணிக்கு ஒரு வில்லை சடக்கென்று ஒடிந்தது.

"நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன்," என்றேன்.

"தெரியும். செவ்வாக்கிழமையே தெரியும்." அவரும் ஒன்றை ஒடித்துக் காதருகே கேட்டார். "பேசிக்கிட்டே நிக்காதிய. சூடு ஆறட்டும், பொறவு பொட்டலம் கட்டுங்க. பிள்ள நாளைக்குப் போவணும்லா."